எம்.ஈ., எம்.டெக்ல நெட்வொர்க்கிங் எடுத்தவங்க அடிக்கடி கேக்குற கேள்விகள்

எம்.ஈ., எம்.டெக், எம்.எஸ்னு எதுல சேர்ந்தாலும் சரி, நெட்வொர்க்கிங் எடுத்த பசங்க முதல் செமஸ்டர்ல கேக்குற கேள்விங்க கிட்டத்தட்ட ஒண்ணாத்தான் இருக்கு, அதனால எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதி வச்சிடலாம்னு இது. இந்த சப்ஜெக்ட்ல ஒரு விஷயத்தை ஏன் இப்படி டிசைன் பண்ணாங்கன்னு மூல பேப்பர்லயே போய் படிக்கணும், படிச்சதை நம்ம லேப்டாப்ல ஓட்டி அளந்து பாக்கணும். இதுல ஒண்ணை விட்டாலும் படிப்பு பாதியில நிக்குதுன்னு நான் உறுதியா நம்புறேன், கீழ இருக்கற பதிலெல்லாம் அந்த நம்பிக்கைல எழுதினதுதான்.

கே: பி.ஈ.லயே ஏழு லேயர், சப்நெட்டிங், டிசிபி ஹேண்ட்ஷேக் எல்லாம் முடிச்சாச்சு. பி.ஜி.லயும் அதேதானா?

டாபிக் பேரு அதேதான், கேக்குற கேள்விதான் வேற. பி.ஈ.ல ஸ்லோ ஸ்டார்ட்னா (டேட்டாவை கொண்டு சேர்க்குற டிசிபி ப்ரோட்டோகால் மெதுவா ஆரம்பிச்சு வேகத்தை ஏத்துற முறை) என்னன்னு கேப்பாங்க, விண்டோ (பதில் வர்றதுக்கு முன்னாடி அனுப்பக்கூடிய பாக்கெட் எண்ணிக்கை) ஒண்ணு, ரெண்டு, நாலு, எட்டுன்னு ஏறுற படத்தை போட்டா மார்க் வந்துடும். பி.ஜி.ல அது இல்லன்னா என்ன ஆகியிருக்கும்னு கேப்பாங்க. அதுக்கு பதில் 1986 அக்டோபர்ல இருக்கு. அமெரிக்காவுல லாரன்ஸ் பெர்க்லி லேப்புக்கும் பெர்க்லி யூனிவர்சிட்டிக்கும் நடுவுல தூரம் வெறும் 400 கஜம், அந்த ரெண்டுக்கும் நடுவுல ஓடிட்டிருந்த 32 கேபிபிஎஸ் வேகம் திடீர்னு 40 பிபிஎஸ்க்கு விழுந்துடுச்சு, அதாவது கிட்டத்தட்ட ஆயிரத்துல ஒரு பங்கு. லைன் அறுந்து போகல, மெஷின் கெட்டு போகல. பாக்கெட் லேட்டாச்சுன்னு எல்லாரும் திரும்ப திரும்ப அனுப்ப, அந்த ரீட்ரான்ஸ்மிஷனே லைனை அடைச்சிடுச்சு. வான் ஜேக்கப்சன் இதை நோண்டி பாத்து 1988ல எழுதின பேப்பர்லதான் ஸ்லோ ஸ்டார்ட்டும் கன்ஜெஷன் அவாய்டன்ஸும் (லைன்ல நெரிசல் வராம வேகத்தை பாத்து ஏத்துறது) டிசிபிக்குள்ள வந்துச்சு. இந்த கதை தெரிஞ்சவனுக்கு அந்த படம் மனப்பாடம் பண்ற விஷயமா தெரியாது, ஒரு பிரச்சினைக்கான விடையா தெரியும்.

அதே 1988ல டேவிட் கிளார்க் எழுதின பேப்பர் ஒண்ணு இருக்கு, இன்டர்நெட்டை டிசைன் பண்ணும்போது எந்த நோக்கம் முதல்ல, எது கடைசின்னு வரிசையா சொல்லியிருப்பாரு. நடுவுல ஏதாவது கேட்வே (நெட்வொர்க்குங்களை இணைக்கிற மெஷின்) செத்தாலும் பேச்சு தொடரணும்ங்கறது முதல்ல. யாரு எவ்வளவு யூஸ் பண்ணாங்கன்னு கணக்கு வைக்கிறது கடைசில. செக்யூரிட்டின்னு தனியா ஒரு வரி அந்த லிஸ்ட்ல கிடையாது. இன்னைக்கு நாம படுற பாதி கஷ்டத்துக்கு காரணம் அந்த வரிசைலயே தெரியும், முதல் வாரமே இதை படிச்சிடுங்க.

கே: கணக்கு எவ்வளவு வேணும்? எனக்கு கணக்குன்னாலே பயம்.

ப்ராபபிலிட்டி கண்டிப்பா வேணும், க்யூயிங் தியரி (வரிசைல காத்திருக்குற நேரத்தோட கணக்கு) கொஞ்சம் வேணும், கிராஃப் அல்காரிதம் பி.ஈ.ல படிச்ச அளவு போதும், ஆப்டிமைசேஷன் ரிசர்ச் பக்கம் போறவங்களுக்கு. பயப்படுற அளவுக்கு இல்ல, ஏன்னா பல இடத்துல ஒரே ஒரு சின்ன ஃபார்முலா பெரிய வேலை செய்யுது. எம்எம்1 க்யூவை (பாக்கெட்ங்க தற்செயலா வந்து ஒரே லைனுக்கு காத்திருக்குற எளிய மாடல்) எடுத்துக்கோங்க, லோடு பாதியா இருந்தா ஒரு பாக்கெட் உள்ள இருக்குற சராசரி நேரம் அதை அனுப்ப ஆகுற நேரத்தை விட 2 மடங்கு, லோடு 90 சதவீதம்னா 10 மடங்கு, 99 சதவீதம்னா 100 மடங்கு. லிங்க்கை ஏன் யாரும் முழுசா நிரப்ப விரும்பறதில்லன்னு இந்த மூணு நம்பர்லயே புரிஞ்சிடும்.

இன்னொண்ணு, டிசிபி ஏன் கூட்டும்போது கொஞ்சமா கூட்டி குறைக்கும்போது பாதியா குறைக்குதுன்னு சியூவும் ஜெயினும் 1989ல காட்டினாங்க. ரெண்டு பேர் ஒரே லைன்ல இருக்காங்க, ஒருத்தருக்கு 10 எம்பிபிஎஸ், இன்னொருத்தருக்கு 2, வித்தியாசம் 8. கூட்டும்போது ரெண்டு பேருக்கும் ஒரே அளவுதான் கூடுது, அந்த 8 அப்படியே நிக்கும். பாதியாக்கினா 5ம் 1ம், வித்தியாசம் 4. அடுத்த தடவை 2, அப்புறம் 1. யாரும் யார்கிட்டயும் கேக்காமலே, நடுவுல ஒரு நாட்டாமை இல்லாமலே, சமமா வந்து நிக்குறாங்க. இதுக்கு தேவைப்பட்ட கணக்கு ஆறாம் வகுப்பு கணக்குதான், ஆனா இதோட அழகை பாத்துட்டா அப்புறம் கெல்லி 1998ல எழுதின ஆப்டிமைசேஷன் பேப்பர் வரைக்கும் நீங்களே தேடி போவீங்க.

கே: சிசிஎன்ஏ (சிஸ்கோ கம்பெனியோட நெட்வொர்க்கிங் சர்டிஃபிகேட்) முடிச்சிருக்கேன். அது உதவுமா?

உதவும். ரவுட்டர் கமாண்ட் லைன் முன்னாடி உக்கார தயக்கம் இருக்காது, விஎல்ஏஎன் (ஒரு நெட்வொர்க்கை தனித்தனி துண்டா பிரிக்கிறது), ஓஎஸ்பிஎஃப் (ஒரு நிறுவனத்துக்குள்ள வழி தேடுற ரவுட்டிங் ப்ரோட்டோகால்) எல்லாம் கையில பழகியிருக்கும், அந்த பழக்கம் நிறைய எம்.டெக் பசங்க கிட்ட இல்லவே இல்ல. ஆனா அது இருக்குற ரவுட்டரை எப்படி செட் பண்றதுன்னு சொல்லிக் கொடுக்குது, இங்க கேக்குறது அந்த ப்ரோட்டோகால் எங்க உடையும், ஏன் உடையும்னு. அதனால சிசிஎன்ஏ இருக்குன்னு க்ளாஸை லேசா எடுத்துக்காதீங்க, இல்லன்னு கவலையும் வேண்டாம்.

கே: பேப்பர் படிக்க ஆரம்பிச்சா ரெண்டாவது பக்கத்துலயே தூக்கம் வருது. எப்படித்தான் படிக்கிறது?

முதல் வரில இருந்து கடைசி வரி வரைக்கும் நேரா படிச்சா எல்லாருக்கும் தூக்கம்தான் வரும். எஸ். கேசவ் 2007ல இதுக்குன்னே ஒரு ரெண்டு பக்க பேப்பர் எழுதியிருக்காரு, மூணு தடவையா படிக்க சொல்றாரு. முதல் தடவை அஞ்சு பத்து நிமிஷம், தலைப்பு, அப்ஸ்ட்ராக்ட், இன்ட்ரோ, செக்‌ஷன் ஹெட்டிங், கடைசில கன்க்ளூஷன், அவ்வளவுதான். இது எனக்கு வேணுமா வேண்டாமான்னு அதுலயே தெரிஞ்சிடும். ரெண்டாவது தடவை ஒரு மணி நேரம், படங்களையும் கிராஃபையும் நல்லா பாக்கணும், ப்ரூஃபை விட்டுடலாம். மூணாவது தடவைதான் உண்மையான வேலை, அவங்க இடத்துல நம்ம இருந்தா இதை எப்படி பண்ணியிருப்போம்னு மனசுலயே கட்டி பாக்கணும், புதுசா படிக்கிறவங்களுக்கு நாலஞ்சு மணி நேரம் ஆகும். எல்லா பேப்பருக்கும் மூணாவது தடவை தேவையில்ல, ஒரு செமஸ்டர்ல விரல் விட்டு எண்ணக்கூடிய அளவுக்கு அப்படி படிச்சாலே பெரிய விஷயம்.

நான் கூடுதலா சொல்றது ஒண்ணு, கிராஃபை பாக்கும்போது முதல்ல ரெண்டு ஆக்சிஸையும் பாருங்க. ஒய் ஆக்சிஸ் பூஜ்யத்துல ஆரம்பிக்குதா, லாக் ஸ்கேலா, காட்டுறது சராசரியா இல்ல 99வது பெர்சன்டைலா (100 அளவுல 99 இதுக்குள்ள அடங்கும்ங்கற நம்பர்), எதோட கம்பேர் பண்றாங்க. இந்த நாலு கேள்வியை க்ளாஸ்ல கேட்டா டிஸ்கஷன் தானா சூடு பிடிக்கும்.

ஆரம்பிக்க எதுன்னா, மேல சொன்ன கிளார்க், ஜேக்கப்சன், அதோட சால்ட்சர், ரீட், கிளார்க் மூணு பேரும் 1984ல எழுதின எண்ட்-டு-எண்ட் பேப்பர். ஃபைல் ஒண்ணை அனுப்புறப்ப நடுவுல ஒவ்வொரு லிங்க்கும் எவ்வளவுதான் செக் பண்ணாலும் கடைசில வாங்கறவன் ஒரு தடவை செக் பண்ணித்தான் ஆகணும், அப்போ நடுவுல இருக்கறவன் எதுக்கு இவ்வளவு மெனக்கெடணும்னு ஒரு சாதாரண கேள்வில இருந்து முழு இன்டர்நெட்டோட டிசைனையும் பேசிடுவாங்க.

கே: டெக்ஸ்ட்புக் எதுவும் வேண்டாமா அப்போ?

வேணும், அடிப்படை ஆட்டம் காணும்போதெல்லாம் திரும்பி போக ஒரு புக் வேணும். பீட்டர்சன், டேவி எழுதின புக் நெட்ல முழுசா இலவசமாவே கிடைக்குது, லைசென்ஸும் ஓப்பன், திருட்டு பிடிஎஃப் தேட வேண்டிய அவசியமே இல்ல. என்பிடெல்ல ஐஐடி ப்ரொஃபசர்ங்க வீடியோவும் இருக்கு. ஒரு புக்கை எடுத்தா அதோடயே இருங்க.

கே: அக்கா, எங்க காலேஜ் லேப்ல ரவுட்டரே இல்ல. ப்ராக்டிகல் எப்படி பண்றது?

லினக்ஸ் ஓடுற ஒரு லேப்டாப் போதும், நாலு ஜிபி ரேம் இருந்தாலும் ஓடும். மினிநெட்னு ஒரு டூல் இருக்கு, ஒரே மெஷினுக்குள்ள ஹோஸ்ட், ஸ்விட்ச், லிங்க் எல்லாம் உண்மையான லினக்ஸ் கெர்னல் (ஆப்பரேட்டிங் சிஸ்டத்தோட மையப் பகுதி) மேலயே கட்டி கொடுக்கும். அதுக்குள்ள ஓடுறது நிஜ டிசிபி, நிஜ பிங் (பாக்கெட் போய்ட்டு வர ஆகுற நேரத்தை அளக்குற டூல்), பொம்மை கிடையாது.

இந்த ஒரு எக்ஸ்பெரிமென்டை கண்டிப்பா பண்ணுங்க. ரெண்டு ஹோஸ்ட், நடுவுல ஒரு ரவுட்டர், ஒரு பக்க லிங்க் மட்டும் 2 எம்பிபிஎஸ், போய்ட்டு வர்ற டிலே 20 மில்லி செகண்ட், க்யூ 100 பாக்கெட். இந்த லைனை நிரப்ப எவ்வளவு டேட்டா வேணும்னு முதல்ல பேப்பர்ல போடுங்க, 20 லட்சம் பிட்டை 0.02ஆல பெருக்கினா 40,000 பிட், அதாவது 5,000 பைட், மூணு நாலு பாக்கெட்தான். ஆனா க்யூவுல 100 பாக்கெட்டுக்கு இடம் கொடுத்திருக்கோம். 100 பாக்கெட்னா 1500 பைட் கணக்குல 12 லட்சம் பிட், அதை 2 எம்பிபிஎஸ்ல அனுப்ப 0.6 செகண்ட். அப்போ க்யூ நிறைஞ்சா பிங் 20ல இருந்து 620 மில்லி செகண்ட் பக்கத்துல போகணும். இப்போ ஐபெர்ஃப்3ல (டேட்டா அனுப்பி வேகத்தை அளக்குற டூல்) ஒரு டவுன்லோடை ஓட விட்டுட்டு பக்கத்து டெர்மினல்ல பிங்கை பாருங்க, நம்பர் ஏறிக்கிட்டே போய் நீங்க பேப்பர்ல போட்ட கணக்கு பக்கத்துல வந்து நிக்கும். தன்னோட கணக்கு கண்ணு முன்னாடி நிஜமாகறதை பாத்த பசங்க அப்புறம் இந்த சப்ஜெக்டை விட்டு போக மாட்டாங்க.

அடுத்து க்யூவை 20 பாக்கெட்டா குறைச்சு பாருங்க, டிலே 140 பக்கம் வரும். கடைசியா க்யூவை எஃப்க்யூ-கோடெல்லுக்கு (ஆளாளுக்கு தனி வரிசை வச்சு, காத்திருக்குற நேரம் கூடினா பாக்கெட்டை கழட்டி விடுற முறை) மாத்துங்க, டவுன்லோடு வேகம் பெருசா அடி வாங்காமலே பிங் மறுபடி 20 சொச்சத்துக்கு வந்துடும். தேவைக்கு மேல பெரிய க்யூவால டிலே ஏறுற இந்த வியாதிக்கு பேரு பஃபர்ப்ளோட், ஜிம் கெட்டிஸ் தன் வீட்டு லைன்ல இதை பாத்துட்டுத்தான் 2010 வாக்குல எல்லாருக்கும் எடுத்து சொல்ல ஆரம்பிச்சாரு, கேத்தி நிக்கல்ஸும் அதே வான் ஜேக்கப்சனும் 2012ல கோடெல் அல்காரிதத்தை கொடுத்தாங்க. வீட்டுல ஒருத்தர் பெரிய ஃபைல் அப்லோடு பண்ணும்போது இன்னொருத்தரோட வீடியோ கால் ஏன் திக்குதுன்னு இனிமே நீங்க நம்பரோட சொல்லலாம்.

கே: நீங்க சொன்ன மாதிரியே ஓட்டினேன், நம்பர் வேற மாதிரி வருது. எங்க தப்பு?

தப்புன்னு முடிவு பண்ணிடாதீங்க, படிப்பே இங்கதான் இருக்கு. பொதுவா மாட்டுற இடம் மூணு. ஒண்ணு, டிலேயையும் ஸ்பீடு லிமிட்டையும் ஒரே நெட்எம் (லினக்ஸ்ல லைன் டிலேயை செயற்கையா உண்டாக்குற டூல்) க்யூவுல போட்டா, லைன்ல போயிட்டிருக்கறதா பாவிக்க வேண்டிய பாக்கெட்டும் அந்த 100க்குள்ளயே எண்ணப்படும், அதனால டிலேயை ஒரு இடத்துலயும் லிமிட்டை வேற இடத்துலயும் வைங்க. ரெண்டு, வயர்ஷார்க்ல (பாக்கெட்டை பிடிச்சு பிரிச்சு காட்டுற டூல்) பாத்தா 1500 பைட்டுக்கு மேல, சில நேரம் 60,000 பைட் பாக்கெட்லாம் தெரியும், பயந்துடாதீங்க, கெர்னல் வேலையை மிச்சம் பண்ண பெரிய துண்டா கீழ தள்ளுது, அதுக்கு பேரு செக்மென்டேஷன் ஆஃப்லோடு, ஈத்டூல்ங்கற கமாண்ட் வச்சு ஆஃப் பண்ணிட்டு அளக்கணும்.

மூணாவது ரொம்ப பேரு கேக்குறது, 100 எம்பிபிஎஸ் லைன்ல ஏன் 94தான் வருதுன்னு. ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் ப்ரீஆம்பிள், ஹெடர், செக்சம், நடுவுல இருக்குற இடைவெளி எல்லாம் சேர்த்து கம்பியில 1538 பைட் இடம் போகுது, அதுல ஐபி, டிசிபி ஹெடர், டைம்ஸ்டாம்ப் எல்லாம் போக உங்க டேட்டா 1448. வகுத்து பாருங்க, 94.1 சதவீதம். லைன்காரன் ஏமாத்தல. தீசிஸ்ல ஒவ்வொரு நம்பரையும் இப்படி கடைசி பைட் வரைக்கும் கணக்கு சொல்ல தெரிஞ்சா வைவால யாரும் உங்களை அசைக்க முடியாது.

கே: என்எஸ்-3 (நெட்வொர்க் சிமுலேட்டர்) கத்துக்கணுமா, மினிநெட் போதுமா?

வயர்லெஸ், ஆயிரக்கணக்கான நோடு, நினைச்ச நேரத்துல அச்சு அசலா அதே ரிசல்ட் திரும்ப வரணும்னா என்எஸ்-3. நிஜ சாஃப்ட்வேர் நிஜமா எப்படி நடக்குதுன்னு பாக்கணும்னா மினிநெட். மினிநெட் உங்க லேப்டாப் சிபியுவை நம்பி ஓடுது, லிங்க் வேகத்தை ஜிபிபிஎஸ் கணக்குல ஏத்திட்டு அந்த ரிசல்டை நம்பாதீங்க.

கே: பிஜிபியை (இன்டர்நெட்ல தனித்தனி நெட்வொர்க்குங்களுக்கு நடுவுல வழி சொல்ற ப்ரோட்டோகால்) மட்டும் ஏன் இவ்வளவு பெருசா பேசுறாங்க? அதுவும் ஒரு ரவுட்டிங் ப்ரோட்டோகால்தானே?

ஓஎஸ்பிஎஃப் குறைஞ்ச காஸ்ட் இருக்குற வழியை தேடும், பிஜிபி அப்படி இல்ல, அங்க வழியை முடிவு பண்றது பிசினஸ். கஸ்டமர் வழியா போனா காசு வரும், பியர் (காசு வாங்காம ட்ராஃபிக்கை மாத்திக்கிற சம நெட்வொர்க்) வழியா போனா சும்மா, ப்ரொவைடர் வழியா போனா நாம காசு கொடுக்கணும், அதனால எல்லாரும் பொதுவா அந்த வரிசைலதான் வழியை எடுப்பாங்க. இப்படி ஆளாளுக்கு தன் லாபத்தை பாத்தும் மொத்தமா ரவுட்டிங் ஒரு நிலைக்கு வந்து நிக்க என்ன நிபந்தனை வேணும்னு காவ், ரெக்ஸ்ஃபோர்ட் ரெண்டு பேரும் 2001ல காட்டினாங்க, எனக்கு இந்த ஃபீல்டுலயே ரொம்ப பிடிச்ச ரிசல்ட் அது.

ஆபத்தும் இதுலதான். 2008 பிப்ரவரி 24, பாகிஸ்தான்ல யூட்யூபை தடுக்கணும்னு உத்தரவு. பாகிஸ்தான் டெலிகாம் 208.65.153.0/24ங்கற அட்ரஸ் ப்ளாக் (/ பக்கத்துல நம்பர் பெருசானா ப்ளாக் சின்னது) தன்கிட்ட இருக்குன்னு அறிவிச்சது, உள்ளூர்ல மட்டும் நிக்க வேண்டிய அந்த அறிவிப்பு அவங்களுக்கு ப்ரொவைடரா மேல இருந்த பிசிசிடபிள்யூ கம்பெனி வழியா உலகம் முழுக்க போயிடுச்சு. யூட்யூப் அப்போ 208.65.152.0/22ன்னு பெரிய ப்ளாக்காத்தான் அறிவிச்சிருந்தது. ரவுட்டருக்கு எது நீளமான ப்ரிஃபிக்ஸோ, அதாவது எதுல / நம்பர் பெருசோ, அதுதான் ஜெயிக்கும், அதனால உலக ட்ராஃபிக் பாகிஸ்தான் பக்கம் திரும்பிடுச்சு. ஒன்றரை மணி நேரத்துக்குள்ள யூட்யூபே /24ஐ அறிவிச்சு பாத்தது, அப்புறம் /25ஆ ரெண்டா உடைச்சும் அறிவிச்சது, கடைசில பிசிசிடபிள்யூ அந்த தப்பான ரூட்டை எடுத்த பிறகுதான் முழுசா சரியாச்சு. பி.ஈ.ல லாங்கஸ்ட் ப்ரிஃபிக்ஸ் மேட்ச் ரெண்டு மார்க் கேள்வி, இங்க அதே விதி ஒரு உலக சைட்டையே ரெண்டு மணி நேரம் முடக்கியிருக்கு. இப்போ இருக்குற ஆர்பிகேஐ (எந்த அட்ரஸை யாரு அறிவிக்கலாம்னு டிஜிட்டல் கையெழுத்தோட சரிபார்க்குற முறை) அன்னைக்கு இருந்திருந்தா இதை தடுத்திருக்குமா, எந்த மாதிரி தப்பை அதாலயும் தடுக்க முடியாதுன்னு நீங்களே உக்காந்து யோசிச்சு எழுதிப் பாருங்க.

2021 அக்டோபர் 4 ஃபேஸ்புக் ஆறு மணி நேரம் போல காணாம போனதையும் இதோட சேர்த்து படிங்க. மெயின்டனன்ஸ் கமாண்ட் ஒண்ணு அவங்க பேக்போனை (டேட்டா சென்டர்களை இணைக்கிற மெயின் நெட்வொர்க்) அறுத்துச்சு, டேட்டா சென்டரை பாக்க முடியலன்னதும் டிஎன்எஸ் சர்வருங்க (சைட் பேரை ஐபி அட்ரஸா மாத்தி சொல்றது) தாங்களே தங்களோட பிஜிபி ரூட்டை வாபஸ் வாங்கிடுச்சு. டிஎன்எஸ், பிஜிபின்னு ரெண்டு யூனிட்டா படிச்சது ஒரே விபத்துல எப்படி கை கோக்குதுன்னு இதுல தெரியும். ஆரிகன் யூனிவர்சிட்டியோட ரவுட்வியூஸ்ல பிஜிபி டேட்டா பல வருஷத்துக்கு இலவசமா இருக்கு, மினி ப்ராஜெக்டுக்கு இதைவிட என்ன வேணும்.

கே: எஸ்டிஎன் (நெட்வொர்க் முடிவுகளை தனியா ஒரு சாஃப்ட்வேர் எடுக்குற முறை), பி4 (ஸ்விட்ச்சை ப்ரோக்ராம் பண்ற லாங்வேஜ்)ன்னு புதுசு புதுசா வருதே, பழைய டிசிபியை விட்டுட்டு நேரா அதுக்கே போயிடலாமா?

போகலாம், ஆனா பாதி வழில திரும்பி வர வேண்டியிருக்கும். கூகுள் தன் டேட்டா சென்டர்களை இணைக்க எஸ்டிஎன் முறைல கட்டின பி4 நெட்வொர்க் பத்தி 2013ல எழுதின பேப்பரை பாருங்க (பேரு ஒண்ணா இருந்தாலும் லாங்வேஜ் பி4 (P4) வேற, இது (B4) வேற). சாதாரணமா 30, 40 சதவீதத்துல ஓடுற வைட் ஏரியா லிங்க்கை 100 சதவீதம் பக்கத்துல ஓட்டினோம்னு சொல்றாங்க. மேல சொன்ன க்யூயிங் கணக்குப்படி இது நடக்கவே கூடாதே? எந்த ட்ராஃபிக் காத்திருக்கலாம், எது காத்திருக்கக் கூடாதுன்னு தரம் பிரிச்சதாலதான் முடிஞ்சது, பழைய கணக்கு தெரியாதவனுக்கு அந்த பேப்பரோட அருமையே தெரியாது.

கே: இப்போ எல்லாமே என்க்ரிப்டட், க்விக் (டிசிபிக்கு பதிலா வந்த புது ட்ரான்ஸ்போர்ட் ப்ரோட்டோகால்) வேற வந்தாச்சு. வயர்ஷார்க்ல என்ன பாக்குறது?

சொந்த மெஷின் ட்ராஃபிக்கை பாக்கலாம். ஃபயர்ஃபாக்ஸ், குரோம் ரெண்டும் SSLKEYLOGFILEங்கற என்விரான்மென்ட் வேரியபிள் வச்சா செஷன் கீயை ஒரு ஃபைல்ல எழுதும், அதை வயர்ஷார்க்குக்கு கொடுத்தா உள்ள இருக்கறது தெரியும். க்விக் ஏன் யுடிபி மேல வந்துச்சுங்கறதும் படிக்க வேண்டிய விஷயம், டிசிபியை மாத்தணும்னா எல்லா ஆப்பரேட்டிங் சிஸ்டமும் மாறணும், நடுவுல இருக்குற ஃபயர்வால், நாட் பாக்ஸ் (பல மெஷினுக்கு ஒரே ஐபி அட்ரஸை பகிர்ந்து கொடுக்குறது) எல்லாம் புது டிசிபியை பாத்தா பாக்கெட்டை தூக்கி எறியும். 2021 மே மாசம் ஆர்எஃப்சி (இன்டர்நெட் ப்ரோட்டோகாலுக்கான அதிகாரபூர்வ ஆவணம்) 9000ஆ அது ஸ்டாண்டர்டு ஆச்சு.

கே: ஆர்எஃப்சி இங்கிலீஷ் ரொம்ப கடினமா இருக்கு. படிச்சே ஆகணுமா?

முழுசா வேண்டாம். டிசிபிக்கு 1981ல வந்த 793ஐ தேடாதீங்க, 2022ல அதுக்கு பதிலா 9293 வந்தாச்சு, அதுல ஸ்டேட் டயக்ராம் பகுதியை மட்டும் எடுத்து வச்சுக்கிட்டு பக்கத்துல டிசிபிடம்ப்பை (பாக்கெட்டை பிடிச்சு காட்டுற கமாண்ட்) ஓட விட்டு ஒவ்வொரு பாக்கெட்டா பொருத்தி பாருங்க. மூணு நாள் பண்ணா அந்த இங்கிலீஷ் பழகிடும், வார்த்தைங்க கொஞ்சம்தான், அதேதான் திரும்ப திரும்ப வரும்.

கே: எந்த ப்ரோக்ராமிங் லாங்வேஜ்?

பைத்தான் எக்ஸ்பெரிமென்ட் ஓட்டவும் கிராஃப் போடவும், சி கெர்னலையும் சாக்கெட்டையும் புரிஞ்சுக்க. பைத்தான்லயே எல்லாம் முடிச்சிடலாம்னு சி லாங்வேஜை ஒதுக்காதீங்க, ஒரு சின்ன நம்பகமான ட்ரான்ஸ்போர்ட்டை யுடிபி மேல நீங்களே சி லாங்வேஜ்ல எழுதி பாத்தா டைம்அவுட் எவ்வளவு வைக்கிறதுங்கற கேள்வி எவ்வளவு கஷ்டம்னு அப்பதான் உறைக்கும்.

கே: தீசிஸ் டாபிக் கிடைக்கல. என்ன பண்றது?

ஏற்கனவே வந்த ஒரு பேப்பரோட ஒரே ஒரு கிராஃபை எடுங்க, அதை திரும்ப வரவழைக்க பாருங்க. ஸ்டான்ஃபோர்ட்ல பி.ஜி. நெட்வொர்க்கிங் கோர்ஸ்ல பசங்களுக்கு ப்ராஜெக்டே இதுவா இருந்திருக்கு, பேப்பர் ரிசல்டை மினிநெட் மாதிரி டூல்ல ரீப்ரொட்யூஸ் பண்றது. வந்துட்டா உங்க கையில ஓடுற செட்டப் இருக்கு, அதுல ஒரு விஷயத்தை மாத்தி பாக்கலாம், உதாரணத்துக்கு லினக்ஸ்ல டீஃபால்ட்டா இருக்குற க்யூபிக்கையும் கூகுள் 2016ல வெளியிட்ட பிபிஆரையும் (ரெண்டும் டிசிபி எவ்வளவு வேகத்துல அனுப்பலாம்னு முடிவு பண்ற அல்காரிதம்) ஒரே லைன்ல விட்டு, பஃபர் சின்னதா இருந்தா யாரு ஜெயிக்கிறா, பெருசா இருந்தா யாருன்னு. வரலன்னா அது இன்னும் சுவாரசியம், ஏன் வரலன்னு தேடுறதுலயே ஒரு தீசிஸ் இருக்கலாம். எதுவா இருந்தாலும் ஸ்கிரிப்ட், கெர்னல் வெர்ஷன், எல்லா செட்டிங்கும் முதல் நாள்ல இருந்தே எழுதி வைங்க, ஆறு மாசம் கழிச்சு கைட் அந்த ரெண்டாவது கிராஃபை இன்னொரு தடவை ஓட்டுங்கன்னு சொல்லுவாரு.